நல்ல தண்ணி டேங்க் ஏன் கெட்டுது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

சோமனூர்ல இருந்து பேசறேன். பின்னாடி தறிச் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க. ஞாயித்துக்கிழமை தவிர இங்க அது நிக்காது.

இன்னைக்கு ஒரு புதிர்ல ஆரம்பிக்கலாம். என் மாமா ஒருத்தர் திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறையில மெயின்டனன்ஸ் பாக்குறார். அங்க பக்கத்துப் பக்கத்துல ரெண்டு இரும்பு டேங்க். ஒண்ணுல உப்புக் கரைசல் நிக்கும். இன்னொண்ணுல ஆர்.ஓ.ல சுத்தம் பண்ணின நல்ல தண்ணி. ரெண்டுக்கும் உள்ள ஒரே எபாக்ஸி பெயின்ட், ஒரே டீம், ஒரே வாரத்துல அடிச்சாங்க. எட்டு மாசம் கழிச்சு திறந்து பார்த்தா ஒரு டேங்க்ல பெயின்ட் முழுக்கக் கொப்புளம். அம்மை போட்ட மாதிரி.

எந்த டேங்க்? நானும் உப்பு டேங்க்னுதான் நினைச்சேன். இல்ல. கெட்டுப் போனது நல்ல தண்ணி டேங்க்.

மாமா போன் பண்ணி, "ஏன் மாப்ளே, நீ இஞ்சினியரிங் படிச்சவன்தானே, இது எப்படின்னு சொல்லு பாக்கலாம்"னு கேட்டார். நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ். ஆனா பக் தேடுறதுதான் என் தினசரி வேலை. ரெண்டு சர்வர்ல ஒரே கோடு ஓடுது, ஒண்ணு மட்டும் விழுதுன்னா எங்க தேடுவோமோ அதே மாதிரி இதையும் தேடலாம்னு கிளம்பிட்டேன்.

ஆத்துல போன உப்பு

முதல்ல, சாயப்பட்டறையில எதுக்கு இத்தனை டேங்க்?

பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் டை போடும்போது, சாயம் நூல்ல போய் ஒட்ட உப்பு வேணும். சாதா உப்பு, இல்லன்னா கிளாபர் உப்புன்னு சொல்ற சோடியம் சல்பேட். நிறத்தைப் பொறுத்து ஒரு லிட்டர் தண்ணிக்கு 30 கிராம்ல இருந்து 80 கிராம் வரை, அடர் நிறம்னா அதுக்கு மேலயும் போகும். கடல் தண்ணியில லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான். அப்போ ஒரு கறுப்பு டி-ஷர்ட் கடலைவிட உப்பான தண்ணியில குளிச்சிட்டுதான் வருது. அந்த உப்பு துணியில தங்காது. அப்படியே கழிவு நீரோட வெளிய வந்துரும்.

முன்னாடி அது நொய்யல்ல போச்சு. சென்னிமலை பக்கம் ஒரத்துப்பாளையம் அணை 1992-ல பாசனத்துக்காகக் கட்டி முடிச்சாங்க. கடைசியில அது சாயக்கழிவு தேங்கி நிக்கிற இடமா ஆச்சு. அணை கட்டினதே விவசாயிகளுக்காக, அவங்களே இந்தத் தண்ணியைத் திறக்காதீங்கன்னு போராடுற நிலைமை வந்துச்சு. வழக்கு மேல வழக்கு. ஒரு சொட்டுக் கழிவும் வெளிய விடக்கூடாதுன்னு 2006-ல சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அது நடக்கலைன்னதும் 2011 ஜனவரி 28-ல திருப்பூர் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லிருச்சு. அப்ப ஊர் எப்படி இருந்துச்சுன்னு உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேட்டாச் சொல்வாங்க.

அதுக்கப்புறம்தான் ஜீரோ டிஸ்சார்ஜ் முறை நிஜமாவே வேரூன்றுச்சு. கழிவு நீரை ஆர்.ஓ.ல விட்டு நல்ல தண்ணியைப் பிரிச்சு திரும்ப எடுத்துக்குவாங்க. மிச்சமிருக்கிற கெட்டி உப்புத் தண்ணியை மறுபடி சாயத்துக்கே எடுத்துக்குவாங்க, இல்லன்னா காய்ச்சி உப்பாவே எடுப்பாங்க. முந்தி ஆத்துல போன உப்பு இப்ப டேங்க்குலயும் பைப்புலயும் சுத்துது. அந்த டேங்க் ஓட்டையானா அது மறுபடியும் மண்ணுக்குத்தான் போகும். அதனால டேங்க்குக்கு உள்ள அடிக்கிற அந்த மெல்லிசு பெயின்ட்டைச் சின்ன விஷயம்னு என்னால நினைக்க முடியலை.

அண்டாவுக்கு ஈயம் பூசின கதை

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணியும் ஆக்சிஜனும் வேணும். உப்பு சேர்ந்தா அந்த வேலை வேகமா நடக்கும். ஏன்னா உப்புத் தண்ணியில மின்சாரம் நல்லா ஓடும், துருப்பிடிக்கிறது அடிப்படையில ஒரு சின்ன பேட்டரி வேலை. உலோகத்து மேல இயற்கையா இருக்கிற பாதுகாப்புப் படலத்தையும் உப்புல இருக்கிற குளோரைடு உடைச்சிரும். அதனாலதான் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூட உப்புத் தண்ணியில புள்ளி புள்ளியாக் குழி விழும்.

இதுக்கு நம்ம வீட்டுலயே ஒரு பழைய பதில் இருந்தது. பித்தளை அண்டாவுல புளி ஊத்தினா களிம்பு ஏறும். அதனால உள்பக்கம் ஈயம் பூசுவாங்க. சின்ன வயசுல எங்க தெருவுக்கு ஈயம் பூசறவர் வருவார். அவர் ஈயம் தேய்க்கிற நேரம் ரெண்டு நிமிஷம்கூட இருக்காது. அதுக்கு முன்னாடி மணல் போட்டுத் தேய்க்கிறது, கழுவுறது, சூடு பண்ணி நவச்சாரம் போட்டுத் துடைக்கிறதுன்னு அரை நாள் போயிரும். "அழுக்கு மேல ஈயம் ஒட்டாதுங்க"ன்னு சொல்வார். இன்னைக்கு நான் சொல்லப் போறதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

டேங்க்ல நிக்கிற பொருளைப் பொறுத்து பூச்சு மாறும். ஹைட்ரோகுளோரிக் ஆசிட்னா இரும்புக்கு உள்ள ரப்பர் ஒட்டுவாங்க, இல்லன்னா ஃபைபர் டேங்க்கே வச்சுருவாங்க. தண்ணிக்கும் உப்புக் கரைசலுக்கும் பொதுவா எபாக்ஸி. கந்தக அமிலம் ஒரு வேடிக்கையான கேஸ். 98 சதவீத ஆசிட்டை சாதா இரும்பு டேங்க்லயே வைக்கலாம். இரும்பு மேல இரும்பு சல்பேட் படலம் ஒண்ணு உருவாகி அதுவே காப்பாத்திக்கும். அதே ஆசிட்ல தண்ணி கலந்துட்டா இரும்பைத் தின்ன ஆரம்பிச்சுரும். பலமான ஆசிட் சும்மா இருக்கும், நீர்த்துப் போனதுதான் கடிக்கும். நம்ம புதிருக்கும் இது மறைமுகமா ஒரு குறிப்பு. எது ஆபத்துன்னு நாம நினைக்கிறோமோ, அதுவா எப்பவும் இருக்கிறதில்ல.

கொப்புளத்துக்குள்ள என்ன இருக்கு?

மாமா முதல்ல பெயின்ட் கம்பெனிக்காரங்களைத்தான் திட்டினார். ஆனா அதே பெயின்ட்தான் பக்கத்து டேங்க்ல நல்லா இருக்கே. டீமைத் திட்டலாம்னா அவங்களும் ஒரே டீம். ரெண்டுக்கும் வித்தியாசம் உள்ள நிக்கிற தண்ணி மட்டும்தான். அப்போ நல்ல தண்ணி எப்படி கெடுதல் பண்ணும்?

டேங்க்கைக் காலி பண்ணி, மேன்ஹோல் ரெண்டையும் திறந்து, புளோயர் ஓடவிட்டு, கேஸ் மீட்டர் வச்சுப் பார்த்துட்டு மாமா இறங்கினார். நான் வெளியில நின்னேன். பத்துப் பன்னெண்டு கொப்புளத்துல சிரிஞ்சைக் குத்தி உள்ள இருந்த தண்ணியை உறிஞ்சி ஒரு டம்ளர்ல கொண்டு வந்தார். நம்ம ஊர்ல பேனா மாதிரி டி.டி.எஸ். மீட்டர் எல்லார் சட்டைப் பையிலயும் இருக்கும்ல? டேங்க்ல இருந்த தண்ணி 100-க்குக் கீழ. கொப்புளத்துத் தண்ணி மீட்டரோட எல்லையையே தாண்டிருச்சு.

ஆர்.ஓ. தண்ணி நிக்கிற டேங்க்ல, பெயின்ட்டுக்கு அடியில மட்டும் உப்பு எப்படி வந்துச்சு?

பெயின்ட் அடிச்ச அண்ணனை வரச் சொல்லிப் பேசினோம். கோபமே இல்லாம, நடந்ததை வரிசையாச் சொன்னார். "பிளாஸ்டிங் முடிச்சுட்டோம் தம்பி. தூசி ரொம்ப நின்னுச்சு. ஹோஸ் புடிச்சு நல்லா அடிச்சு விட்டோம். காய விட்டுத் துடைச்சிட்டுத்தான் பிரைமர் அடிச்சோம். கழுவாம அடிச்சாத்தானுங்க தப்பு?"

"எந்தத் தண்ணிங்ணா?"

"போர் தண்ணிதான். வேற என்ன தண்ணி இருக்கு?"

அவ்வளவுதான் மக்களே. இத்தனை வருஷம் நொய்யல் ஓரத்து நிலத்துக்குள்ள இறங்கின உப்பு அந்த போர் தண்ணியில இருந்துச்சு. தண்ணி காஞ்சு போச்சு, உப்பு காயாது. கண்ணுக்குத் தெரியாத அளவுல இரும்பு மேலயே நின்னுது. அது மேல பெயின்ட்டை அடிச்சு மூடிட்டாங்க.

இப்ப ஒரு காஞ்ச திராட்சையைத் தண்ணியில போடுங்க. உப்பிப் பெருசாகும். உள்ள சர்க்கரை கெட்டியா இருக்கு, வெளிய வெறும் தண்ணி. நடுவுல இருக்கிற தோல் வழியாத் தண்ணி உள்ள போகும். எபாக்ஸியும் அந்தத் தோல் மாதிரிதான். எவ்வளவு நல்ல பெயின்ட்டா இருந்தாலும் தண்ணி மூலக்கூறு ரொம்ப மெதுவா அதுக்குள்ள நுழையும். அடியில உப்பு இருந்தா அது தண்ணியை இழுக்கும், அழுத்தம் ஏறும், பெயின்ட் இரும்பை விட்டுக் கொப்புளமாத் தூக்கும். இதைத்தான் ஆஸ்மாட்டிக் பிளிஸ்டரிங்னு சொல்றாங்க. வெளிய இருக்கிற தண்ணி எவ்வளவு சுத்தமோ, இழுக்கிற வேகம் அவ்வளவு அதிகம்.

உப்பு டேங்க்ல ரெண்டு பக்கமும் உப்பு. இழுக்கிறதுக்குப் பெரிசா வித்தியாசம் இல்ல. அதனால அது தப்பிச்சுது. ஆனா இதைக் கவனிங்க: அந்த டேங்க்கையும் அதே போர் தண்ணியிலதான் கழுவினாங்க. தப்பு ரெண்டுலயும் இருக்கு, ஒண்ணுல மட்டும்தான் தெரிஞ்சுது. நாளைக்கு உப்பு டேங்க்ல நல்ல தண்ணி நிரப்பினா அங்கயும் கொப்புளம் வரும். எங்க ஃபீல்டுல இதை லேட்டன்ட் பக்னு சொல்வோம். "நல்லாத்தானே ஓடுது"ங்கிறது ஒரு டெஸ்ட் ரிப்போர்ட் கிடையாது.

சரி, கொப்புளம் வந்தா என்ன?

கொப்புளம் உடையும், இரும்பு வெளிய தெரியும், துரு தண்ணியில கலக்கும். இந்தத் தண்ணியிலதான் துணியை வெளுக்கப் போறாங்க. பருத்தியை ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு வெளுப்பாங்க. ஒரு துளி துரு துணியில ஒட்டியிருந்தாலும் அந்த இடத்துல மட்டும் பெராக்சைடு வேகமா உடைஞ்சு நூலையே அரிச்சுரும். துணியில ஊசி ஓட்டை விழும். அதைச் செக்கிங்ல உக்காந்திருக்கிற பொண்ணு கண்டுபிடிக்கும், இல்லன்னா பையர் கண்டுபிடிப்பார். நிட்டிங்ல தப்பு, ஊசியில தப்புன்னு யார் யாரையோ திட்டுவாங்க. டேங்க்கோட உள்பக்கத்தை யாரும் யோசிக்க மாட்டாங்க.

அதைவிடப் பெருசு கசிவு. 2014 ஜனவரி 9, அமெரிக்காவுல மேற்கு வர்ஜீனியா, சார்ல்ஸ்டன் நகரம். எல்க் ஆத்தங்கரையில இருந்த ஒரு பழைய இரும்பு டேங்க்ல, நிலக்கரி கழுவப் பயன்படுத்துற கெமிக்கல் இருந்துச்சு. டேங்க் அடித்தட்டுல சின்ன ஓட்டைங்க. சுமார் 10,000 காலன் வெளிய போய் ஆத்துல கலந்துருச்சு. அதே ஆத்துல கொஞ்சம் கீழதான் ஊருக்குக் குடிதண்ணி எடுக்கிறாங்க. சுமார் 3 லட்சம் பேர் நாள்கணக்குல குழாய்த் தண்ணியைத் தொட முடியலை. விசாரணை பண்ணின அமெரிக்க கெமிக்கல் சேஃப்டி போர்டு, அரிப்பு டேங்க்கோட உள்பக்கத்துல இருந்துதான் ஆரம்பிச்சிருக்குன்னு சொன்னது. வெளியில நின்னு பார்த்தா தெரியாத இடம் அது. ஆத்தங்கரையில டேங்க் வச்சிருக்கிற எந்த ஊருக்கும் இது பொருந்தும்.

மறுபடி செஞ்சபோது

மாமா டேங்க்கை மறுபடி முழுசா உரிச்சாங்க. இந்தத் தடவை ஒவ்வொரு படியிலயும் ஒரு அளவு இருந்துச்சு. உங்கள்ல ஃபேக்டரியில வேலை பாக்குறவங்களுக்காகச் சொல்றேன், இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க.

ஒண்ணு, பிளாஸ்டிங். டேங்க் உள்பூச்சுக்கு வழக்கமாக் கேக்கிறது எஸ்.ஏ. ரெண்டரை. கிட்டத்தட்ட வெள்ளை உலோகமாத் தெரியற அளவுக்கு. வழுவழுன்னு இருக்கக் கூடாது, பெயின்ட் கவ்விப் பிடிக்க சொரசொரப்பு வேணும். சாதா மணலை வச்சு அடிக்கவே கூடாது. அந்தத் தூசி நுரையீரல்ல போய் சிலிகோசிஸ் வரும்.

ரெண்டு, கழுவுறது ஆர்.ஓ. தண்ணியில. அந்தப் பட்டறையில அதுக்குப் பஞ்சமே இல்ல, யாருக்கும் தோணலை அவ்வளவுதான். கழுவினப்புறம் பிரஸ்லே டெஸ்ட். ஒரு சின்ன ஒட்டுப்பட்டையை இரும்பு மேல ஒட்டி, சிரிஞ்சுல சுத்தமான தண்ணியை உள்ள விட்டு, திரும்ப உறிஞ்சி அதுல எவ்வளவு உப்பு இருக்குன்னு அளக்கிறது. அப்புறம் லேசா இன்னொரு பிளாஸ்டிங்.

மூணு, பனி. இரும்போட சூடு, பனித்துளி உருவாகிற வெப்பநிலையைவிடக் குறைஞ்சது 3 டிகிரி மேல இருக்கணும். மழைக்காலத்துல காலையில ஆறு மணிக்கு வேலையை ஆரம்பிச்சா, கண்ணுக்குத் தெரியாத ஈரத்து மேலதான் பெயின்ட் அடிப்பீங்க.

நாலு, வெல்டிங் ஓரங்கள். கூர்மையான இடத்துல பெயின்ட் தானா விலகி மெல்லிசாயிரும். அதனால அந்த இடங்களைத் தேய்ச்சு உருட்டிவிட்டு, பிரஷ்ல தனியா ஒரு கோட். ஒரு கோட்டுல இருக்கிற தின்னர் முழுசா வெளியேறாம அடுத்த கோட் அடிச்சாலும் இதே மாதிரி கொப்புளம் வரும், அதனால பொறுமை வேணும்.

அஞ்சு, டெஸ்ட். பெயின்ட்ல விட்டுப்போன ஊசிமுனை இடத்துக்கு இந்தத் தொழில்ல ஹாலிடேன்னு பேரு. பூச்சு 500 மைக்ரான் வரைக்கும்னா ஈரப் பஞ்சு டெஸ்டர், அதைவிடத் தடிமன்னா ஸ்பார்க் டெஸ்டர். ஓட்டை இருந்தா பீப் சத்தம் வரும். முதல் ரவுண்ட்ல பதினேழு இடத்துல சத்தம் வந்துச்சு. பாட்டி வீட்டுப் பீங்கான் தட்டு ஞாபகம் இருக்கா? ஓரத்துல ஒரு சில்லு போன இடத்துல மட்டும் துருப்பிடிச்சிருக்குமே, பதினேழு இடமும் அப்படி ஆகியிருக்கும்.

இதுக்காகப் பட்டறை பல நாள் அந்த டேங்க் இல்லாம ஓட்ட வேண்டியிருந்துச்சு. ஓனர் முனகினார். போன தடவை ரெண்டு நாள்ல முடிச்சுக் கொடுங்கன்னு அவசரப்படுத்தினதும் அவர்தான். அந்தப் பெயின்டர் அண்ணன் மேல முழுப் பழியையும் போட எனக்கு மனசு வரலை. உப்பை அளக்கணும்னு அவருக்கு யாரும் சொல்லலை, அதுக்கு நேரமும் காசும் யாரும் கொடுக்கலை.

உள்ள இருக்கிறவரோட மூச்சு

கடைசியா ஒண்ணு. இதைச் சொல்லாம முடிச்சா மத்ததெல்லாம் சொன்னதுக்கு அர்த்தமே இல்ல.

துருப்பிடிக்க ஆக்சிஜன் வேணும்னு சொன்னேன்ல? மூடி வச்சிருக்கிற டேங்க்ல துரு அந்த ஆக்சிஜனை உள்ள இருக்கிற காத்துல இருந்துதான் எடுக்கும். ஆசிட் வேண்டாம், விஷவாயு வேண்டாம், வெறும் காலி இரும்பு டேங்க்கே ஆளைக் கொல்லும். நம்ம மூச்சுக் காத்துல ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழ போனா இறங்கக் கூடாதுங்கிறது விதி. வாசனை வராது, எரிச்சல் இருக்காது, ஆள் அப்படியே சரிஞ்சுருவார். அவரைத் தூக்க இறங்குறவரும் சரிஞ்சுருவார். நம்ம பகுதியில சாயப்பட்டறைத் தொட்டிகள்ல இறங்கி, காப்பாத்தப் போனவங்களும் சேர்ந்து செத்த செய்திகளை நீங்களும் படிச்சிருப்பீங்க.

பெயின்ட் வேலையில இன்னொரு ஆபத்து தின்னர் ஆவி. அது காத்தைவிடக் கனம். டேங்க்கோட அடியிலயே தங்கும். 2007 அக்டோபர் 2, அமெரிக்காவுல கொலராடோ, கேபின் கிரீக் நீர்மின் நிலையம். ராட்சச இரும்புக் குழாய்க்கு உள்ள எபாக்ஸி அடிச்சிட்டிருந்தாங்க. ஸ்பிரே மெஷினைக் கழுவ வச்சிருந்த சால்வென்ட் தீப்பிடிச்சுது. வெளிய வர ஒரே வழிதான், தீ அந்த வழியை மறிச்சு நின்னுது. அஞ்சு பெயின்டர்கள் உள்ள மாட்டிக்கிட்டாங்க. தீ அவங்களை நேராத் தொடலை. ரேடியோவுல முக்கால் மணி நேரம் வெளிய இருக்கிறவங்ககிட்ட பேசிட்டே இருந்தாங்க. புகையில செத்துட்டாங்க.

நம்ம நாட்டுல 1948 ஃபேக்டரீஸ் ஆக்ட்லயே இதை யோசிச்சு எழுதி வச்சாங்க. 36-ஆவது பிரிவு. டேங்க்குக்குள்ள ஆள் இறங்கணும்னா, ஒண்ணு தகுதியான ஒருத்தர் தானே சோதிச்சுப் பார்த்து எழுத்துல சான்று தரணும்னு அதுல இருந்துச்சு. இல்லன்னா இறங்குறவருக்கு மூச்சுக் கருவியும், பெல்ட்டுல கட்டின கயிறும் வேணும்னு இருந்துச்சு. அந்தக் கயித்தோட மறுமுனை வெளியில இருக்கிற ஒரு ஆள் கையில இருக்கணும்னும் சொல்லியிருந்துச்சு. 36-ஏ பிரிவுல, தக்க பாதுகாப்பு ஏற்பாடு இல்லன்னா உள்ள கொண்டு போற லைட் 24 வோல்ட்டைத் தாண்டக் கூடாதுன்னு இருந்துச்சு.

ரெண்டாவது தடவை வேலை நடந்தப்போ நான் ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். உள்ள அந்த அண்ணன், முகத்துல காத்துக் குழாய் மாட்டின மாஸ்க். மேன்ஹோல்கிட்ட அவரோட தம்பி ஸ்டூல் போட்டு உக்காந்து கயித்தைக் கையில சுத்திப் பிடிச்சிருந்தான். நான் போய், "டீ சாப்பிடலாமா?"ன்னு கேட்டேன். "அண்ணன் வெளிய வரட்டுங்க"ன்னான். திரும்பிக்கூடப் பார்க்கலை.

உங்க ஊர்ல, உங்க கம்பெனியில எங்கயாவது டேங்க் உள்ள பெயின்ட் வேலை நடந்தா ரெண்டு கேள்வி கேளுங்க. கடைசியாக் கழுவினது எந்தத் தண்ணியில? கயித்தோட மறுமுனை யார் கையில? பதிலை எனக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேர்த்துக்கிறேன்.